டீசல் வண்டியின் மூச்சும் முழக்கமும்

விருத்தாசலம் மண்ணைக் கொண்டு வாழும் ஊர்களுள் ஒன்று. பழமலையென்றும் திருமுதுகுன்றமென்றும் முன்னோர் வழங்கிய இவ்வூருக்கு, மணிமுத்தாற்றங்கரைக் கோயிலை நாடி வருவோர் ஒருபுறமிருக்க, சூளையினின்று இறங்கும் பீங்கான் சரக்கை நாடி வருவோரும் உளர். மின்கம்பிக்குரிய பியூஸ் கட்டைகளும், கோப்பைகளும், பொம்மைகளும் இங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் உருப்பெற்று வெளியூர் செல்கின்றன. இருப்புப்பாதைகள் பல கூடும் சந்திப்பு இவ்வூராயினும், உடையும் சரக்கைச் சூளை வாயிலிலிருந்து கடை வாயில்வரை கொண்டுசேர்ப்பது டீசல் வண்டியே.

இத்தகைய வண்டிகளை உடையோரிடத்தும் ஓட்டுவோரிடத்தும் ஓர் ஆசை அடிக்கடி எழக் காண்கின்றோம். வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால் இழுவை மிகும், டீசல் மிச்சமாகும், ஓசையும் கம்பீரமாக இருக்கும் என்பதே அவ்வாசை. இது முழுதும் பொய்யன்று; முழுதும் மெய்யுமன்று. எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்று அறியாமல் பட்டறைக்குச் செல்பவர் பணத்தை இழப்பதோடு, தம் நுரையீரலுக்கும் தெருவிலுள்ளார் நுரையீரலுக்கும் கேடு தேடிக்கொள்ளுதலும் கூடும். ஆகலின், டர்போ பொருந்திய டீசல் வண்டியின் சைலன்சர் யாது, அது செய்யும் வேலை யாது, அதனில் திருத்தத்தக்கது எது, தொடத்தகாதது எது என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். பீங்கான் நகரத்தார்க்கு இப்பொருளில் தனியுரிமையும் ஒன்று உண்டு. அது பின்னர் விளங்கும்.

முழக்கம் பிறக்குமாறு

ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் டீசல், தாம் கருதிய இயந்திரத்தை 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுற ஓட்டிக் காட்டினார். காற்றை மிக நெருக்கிச் சூடேற்றி, அச்சூட்டிலேயே எண்ணெயைத் தூவி எரியச்செய்வது அதன் சிறப்பு. எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளியபின் வெளியேறுதற்கு வால்வு திறக்கின்றது. அப்பொழுது சிலிண்டருள் எஞ்சிய அழுத்தம் புறக்காற்றின் அழுத்தத்தினும் பன்மடங்காதலின், வாயு குழாயினுள் அலையலையாய்ப் பாய்கின்றது. ஊதிய காகிதப் பையை அறைந்து உடைத்தால் எழும் ஓசை போன்றதே இது. வேறுபாடு, இவ்வோசை இடையறாது தொடர்வதே.

நான்கு சிலிண்டர் உடைய இயந்திரம் நிமிடத்திற்கு 1,800 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரு சுழற்சிக்கு ஒருமுறை வாயுவைக் கழிக்கும். ஆகவே நொடிக்கு 60 அறைகள் குழாயில் விழுகின்றன. இது தாழ்ந்த சுருதியுடைய முழக்கம். இதனோடு, வாயு விரைந்தோடுதலால் உண்டாகும் சீறலும், உலோகத் தகடு அதிர்தலால் உண்டாகும் கிணுகிணுப்பும் சேர்கின்றன. நாம் தெருவில் கேட்கும் வண்டியொலி இம்மூன்றின் கலவையாகும்.

இவ்வொலியை அடக்கும் கருவிக்கு அமெரிக்க நாட்டில் இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரைச் சார்ந்த ரீவ்ஸ் உடன்பிறந்தார் 1897-ஆம் ஆண்டிலேயே உரிமைப் பட்டயம் பெற்றனர். டீசல் இயந்திரம் வெற்றியுற்ற அதே ஆண்டு அது.

முழக்கம் அடங்குமாறு

சைலன்சர் ஒலியை அடக்கும் வழிகள் மூன்று.

முதலாவது, குறுகிய குழாயினின்று அகன்ற அறைக்குள் வாயுவை விடுதல். அறையில் அலை விரிந்து வலியிழக்கின்றது. ஒரு பகுதி சுவரில் மோதித் திரும்பி, பின்வரும் அலையோடு எதிர்ப்பட்டுத் தன்னையும் அதனையும் தளர்த்துகின்றது. தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாய்களும் கொண்ட பழைய வகைச் சைலன்சர்கள் பெரும்பாலும் இவ்வழியில் இயங்குவன. இவை நன்றாக அடக்கும். ஆயினும் வாயு வளைந்து வளைந்து செல்லவேண்டியிருத்தலின் தடையும் மிகுதி.

இரண்டாவது, ஒத்ததிர்வைப் பயன்படுத்துதல். வெறுங்குடத்தின் வாயருகே உதட்டை வைத்து ஊதினால் குடத்தின் அளவுக்கேற்ற ஒரே சுருதி எழுகின்றது. இதன் இயல்பை ஆராய்ந்தவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேரறிஞர். அத்தகைய குடம் ஒன்றைக் குழாயின் பக்கத்தே பொருத்தினால், அது தன் சுருதிக்குரிய முழக்கத்தை மட்டும் பொறுக்கி விழுங்கும். வாயு நேர்வழியே செல்வதால் தடை உண்டாவதில்லை. தாழ்ந்த முழக்கத்திற்கு இது நல்ல மருந்து.

மூன்றாவது, துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சையோ பசால்ட் கற்பஞ்சையோ பொதிந்து வைத்தல். ஒலியலை பஞ்சினுட் புகுந்து நார்களோடு உராய்ந்து வெப்பமாய் மாறுகின்றது. உயர்ந்த சுருதியுடைய சீறலை இது நன்கு உறிஞ்சும். தாழ்ந்த முழக்கத்தை அத்துணை அடக்காது. ‘தடையற்ற சைலன்சர்’ என்று கடைகளில் புகழப்படுவன பெரும்பாலும் இவ்வகையினவே. பஞ்சு நாளடைவில் கரி படிந்து, எரிந்து, உதிர்ந்துபோமாதலின், புதிதில் அமைதியாயிருந்த வண்டி சில ஆண்டுகளில் முழங்கத் தொடங்குவதன் காரணமும் இதனால் விளங்கும்.

ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபெல் என்பதைப் பற்றியும் ஒரு சொல். 10 டெசிபெல் உயர்ந்தால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். 20 உயர்ந்தால் நூறு மடங்காகும். ஆகவே ‘ஐந்தாறு டெசிபெல்தானே கூடும்’ என்று கூறுவோர் தாம் கூறுவதன் பொருளை உணர்ந்திலர்.

டர்போவின் நிலை

ஸ்விட்ஸர்லாந்து நாட்டுப் பொறியறிஞர் ஆல்பிரெட் பூக்கி என்பார் 1905-ஆம் ஆண்டில் ஓர் அரிய கருத்துக்கு உரிமை பெற்றார். வீணே வெளியேறும் வாயுவைக் கொண்டு ஒரு காற்றாடியைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு காற்றாடியால் புதுக்காற்றை இயந்திரத்தினுள் நெருக்கிப் புகுத்தலாம் என்பதே அது. மிகுந்த காற்றுப் புகுந்தால் மிகுந்த எண்ணெயை எரிக்கலாம். சிறிய இயந்திரமே பெரிய இயந்திரத்தின் வேலையைச் செய்யும். இன்றைய சிறு வண்டிகளின் டர்போ நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் சுழல்கின்றது.

டர்போவைச் சுழற்றுவது அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதமாகும். எடுத்துக்காட்டாக, காற்றாடிக்கு முன் அழுத்தம் 2 ஆகவும் பின் 1.1 ஆகவும் இருந்தால் விகிதம் ஏறக்குறைய 1.8. சைலன்சர் அடைபட்டு அல்லது குறுகிப் பின்னழுத்தம் 1.3 ஆனால் விகிதம் 1.5 அளவிற்குத் தாழ்கின்றது. டர்போ தளர்கின்றது; புகும் காற்றுக் குறைகின்றது; கரும்புகை மிகுகின்றது; வாயுவின் வெப்பமும் ஏறுகின்றது. ஆகவே, டர்போவுக்குப் பின்னுள்ள வழியில் எதிரழுத்தம் குறையக் குறைய நன்று என்பது பொது விதி. ‘இயந்திரத்திற்குச் சிறிது எதிரழுத்தம் வேண்டும்’ என்று பட்டறைகளில் கூறப்படும் பழமொழி டர்போ வண்டிக்குப் பொருந்துவதன்று.

குழாயின் விட்டத்தைச் சிறிது கூட்டினாலே பயன் பெரிது. 2 அங்குலக் குழாயை 2.5 அங்குலமாக்கினால் வாயிற்பரப்பு ஒன்றரை மடங்கிற்குச் சற்று மேலாகும். ஆயின் அதே அளவு வாயு செல்லும்பொழுது உராய்வால் வரும் அழுத்த இழப்போ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

இதனைக் கேட்டவுடன் விட்டத்தை இரட்டிப்போம் என எண்ணுதல் தகாது. காரணம் இரண்டு. ஒன்று: இன்றைய டீசல் வண்டியில் எவ்வளவு எண்ணெய் தூவவேண்டும் என்பதைக் கணிப்பொறியே விதிக்கின்றது. எண்ணெய் கூடாவிடின், வழி எவ்வளவு அகன்றாலும் வலிமை பெரிதாகக் கூடாது. நல்ல நிலையிலுள்ள பழைய சைலன்சரை எடுத்துவிட்டு விலையுயர்ந்த புதியதைப் பூட்டியவர், டர்போ சற்று விரைவில் விழித்துக்கொள்வதை உணரலாம். மலையைப் பெயர்க்கும் வலிமையைக் காணமாட்டார். இரண்டு: குழாய் அகன்றால் தாழ்ந்த முழக்கம் தடையின்றி வெளிப்பட்டு, ஓட்டுநர் அறையையே தாளக்கட்டையாக்கி அதிரச் செய்யும். 400 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள வாயுவில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 520 மீட்டர் செல்லும். ஆகவே நொடிக்கு 60 அதிர்வுடைய முழக்கத்தின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேலாகின்றது. இத்துணை நெடிய அலையைச் சிறிய பஞ்சுச் சைலன்சர் என்செய்யும்? முன்னர்க் கூறிய குடவகை அறையை உடன் சேர்த்தாலன்றி அது அடங்காது.

பீங்கான் செய்யும் தொண்டு

இனிப் பீங்கான் நகரத்தாரின் உரிமைக்கு வருவோம். இந்தியா முழுவதும் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. டீசலிலுள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இவ்விதியின்கீழ் வந்த டீசல் வண்டிகளில், பழைய வண்டிகளில் வெறுங்குழாயும் சைலன்சரும் இருந்த வழியில், ஆக்சிஜனேற்ற வினையூக்கியும் கரி வடிகட்டியும் இடம்பெற்றன. இவற்றின் உள்ளுடம்பு பீங்கான் இனத்தைச் சார்ந்தது.

கார்டியரைட் என்பது அப்பொருளின் பெயர். வெண்களிமண், மாக்கல், அலுமினா ஆகியவற்றைத் தக்க அளவிற் சேர்த்துப் பிசைந்து, இடியாப்ப அச்சினின்று மாவு வருவதுபோல நுண்ணிய அச்சின்வழி தள்ளி, உலர்த்தி, ஏறக்குறைய 1,400 பாகையிற் சுட்டால் தேனடை போன்ற கட்டி கிடைக்கின்றது. வினையூக்கிக்குரிய கட்டியில் ஒரு சதுர அங்குலத்தில் 400 கண்ணறைகள் இருப்பது வழக்கம். இதனை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ராட்னி பேக்லி, இர்வின் லாக்மன், ரொனால்ட் லூயிஸ் என்னும் மூவர் ஆக்கினர். சூளைத் தொழிலறிந்தோர் இதன் அருமையை உடனே உணர்வர். சுடச்சுட உள்ள பீங்கான் கோப்பையில் குளிர்நீர் ஊற்றினால் வெடிக்கின்றது. சூட்டில் விரிந்த பொருள் ஒருபுறம் மட்டும் சுருங்குவதே காரணம். கார்டியரைட்டோ சூட்டில் மிகச் சிறிதே விரிவது. ஆகலின் காலைக் குளிரிலிருந்து சில நிமிடங்களில் பல நூறு பாகைக்கு ஏறினும் பிளவுறாது நிற்கின்றது.

கரி வடிகட்டியில் ஒரு தந்திரம் உண்டு. ஒரு கண்ணறையின் முன்வாய் திறந்தும் பின்வாய் அடைத்தும் இருக்கும். அடுத்ததன் முன்வாய் அடைத்தும் பின்வாய் திறந்தும் இருக்கும். உட்புகுந்த வாயு வேறுவழியின்றி இடைச்சுவரின் நுண்துளைகளூடே ஊடுருவி அடுத்த அறைக்குச் சென்று வெளியேறும். கரித்துகள் சுவரிலேயே நின்றுவிடும். வீட்டுத் தண்ணீர் வடிகட்டியிலுள்ள பீங்கான் குச்சி கலங்கல் நீரைத் தெளிவிப்பதும் இவ்வாறே. மண்ணின் அதே குணம் அங்கே நீரையும் இங்கே காற்றையும் தூய்மை செய்கின்றது.

தங்கிய கரி ஏறக்குறைய 600 பாகை வெப்பத்தில் எரிந்து நீங்கும். நெடுஞ்சாலையில் சுமையோடு ஓடும் வண்டியில் வெப்பம் எளிதில் ஏறுவதால் தூய்மை தானே நிகழும். அல்லது கணிப்பொறி சிறிது டீசலை மிகையாகத் தூவி வெப்பத்தை ஏற்றும். ஆனால் தொழிற்பேட்டைக்கும் கடைத்தெருவுக்குமாக நாள்தோறும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் வெப்பம் ஏறுதற்கு நேரம் வாய்ப்பதில்லை. கரி சேரும், எதிரழுத்தம் ஏறும், டர்போ தளரும், எச்சரிக்கை விளக்கு எரியும். ‘அந்தப் பீங்கானை இடித்தெடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது’ என்று யாரேனும் சொல்லக் கேட்டு உடையவர் இசைந்துவிடுகின்றார்.

அவ்விசைவின் விலை யாது? டீசல் கரியின் துகள்களுட் பெரும்பாலானவை ஒரு மைக்ரானில் பத்திலொரு பங்கினும் சிறியவை. நம் தலைமயிரின் தடிப்போ அறுபது எழுபது மைக்ரான். இத்துணை நுண்ணியவை மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடையறைவரை செல்லும். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டீசல் புகையை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் முதல் வகுப்பிற் சேர்த்தது. வண்டிக்குப் பின்னே மிதிவண்டியில் வரும் பள்ளிச் சிறுவனும், நாள் முழுதும் அதனருகே சரக்கேற்றும் தொழிலாளியும், ஓட்டுநர் தாமும் முதலில் அப்புகையை உண்பவராவர். அன்றியும், பீங்கான் கட்டி ஒலியையும் ஓரளவு அடக்குவதாகலின், அதனை எடுத்த வண்டியின் முழக்கமும் மிகும்.

திருத்தத்தக்கவை

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? முறைப்படுத்திக் கூறுவோம்.

முதற்கண், நோயைச் சைலன்சரின்மேல் ஏற்றுமுன் மற்றையவற்றை ஆராய்க. காற்று வடிகட்டி அடைபட்டதா, டர்போவினின்று இயந்திரத்திற்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் கிழிசல் உண்டா, இன்ஜெக்டர் ஒழுகுகின்றதா என்பவற்றைப் பார்த்தல் வேண்டும். கரும்புகைக்கும் இழுவைக் குறைவுக்கும் பெரும்பாலும் காரணம் இவையே. பிறகு டர்போவுக்குப் பின்னே அழுத்தமானியைப் பொருத்தி எதிரழுத்தத்தை அளக்கலாம். அளவாமல் மாற்றுவது நாடி பாராது மருந்து கொடுப்பதாகும்.

2020-க்குப் பிற்பட்ட வண்டியாயின், டர்போவிலிருந்து கரி வடிகட்டி முடியும்வரை உள்ள பகுதியைத் தொடலாகாது. விளக்கு எரிந்தால், வாரம் ஒருமுறையேனும் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீரான விரைவில் ஓட்டுதலும், அதனால் தீராவிடின் பணிமனையில் வடிகட்டியை முறையாகத் தூய்மை செய்வித்தலுமே வழி. இயந்திர எண்ணெயையும் வண்டிக்கு விதித்த வகையிலேயே ஊற்றுதல் வேண்டும். எண்ணெயிலுள்ள உப்புப் பொருள்கள் எரிந்து சாம்பலாய் வடிகட்டியில் நிலைத்துவிடும், அச்சாம்பல் எவ்வெப்பத்திலும் எரியாது. வடிகட்டிக்குப் பின்னுள்ள சைலன்சரும் வாற்குழாயும் துருவேறிப் போயின், அதே அளவும் அதே அடக்கும் திறனும் உள்ளவற்றைப் பொருத்தலாம்.

அதற்கு முற்பட்ட டர்போ வண்டியாயின் சற்று மிகுந்த இடமுண்டு. வளைவுகளில் நசுங்காத குழாயும், உடல் பெரியதாய் அறையும் பஞ்சும் இரண்டும் கொண்ட சைலன்சரும் தேர்ந்துகொள்க. வினையூக்கி இருப்பின் அதனை இருந்த இடத்திலேயே வைக்க. உலோகத்தைப் பற்றியும் கருத்து வேண்டும். 1 லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் ஆவியாய் உண்டாகின்றது. குறுந்தூரம் ஓடும் வண்டியில் அந்நீர் சைலன்சருள்ளேயே குளிர்ந்து தேங்கி, இரும்பை உள்ளிருந்து அரிக்கும். குரோமியம் சேர்ந்த துருவேறா எஃகு விலை கூடியதாயினும் நெடுநாள் உழைத்துத் தன் விலையை ஈடுசெய்யும்.

பொருத்துங்கால் டர்போவுக்கு அடுத்துள்ள நெளியும் இணைப்பை நீக்கலாகாது. நீக்கினால் இயந்திரத்தின் ஆட்டமெல்லாம் குழாயிற் பாய்ந்து பற்றவைப்புகளைப் பிளக்கும். பிரேக் குழாய், டீசல் குழாய், மின்கம்பி, மாற்றுச் சக்கரம் ஆகியவற்றினின்று போதிய விலக்கும் வெப்பத் தகடும் இருத்தல் வேண்டும். இவ்வட்டாரத்திற்கு இது மிகவும் இன்றியமையாதது. சாலைமேல் கதிரைப் பரப்பி வண்டிச் சக்கரங்களால் போரடிக்கும் வழக்கம் நம் சிற்றூர்களில் உண்டு. அவ்வைக்கோல் அச்சிலும் குழாயிலும் சுற்றிக்கொண்டால், கரி எரிந்து வடிகட்டி கொதிக்கும் வேளையில் தீப்பற்றும். பீங்கானையும் வைக்கோலிட்டு அடுக்கிச் செல்லும் வண்டிக்கு அபாயம் இரட்டிப்பு. ஆகவே அறுவடைக் காலத்தில் நாள்தோறும் வண்டியின் அடிப்புறத்தைக் குனிந்து பார்த்தல் ஓட்டுநரின் கடமைகளுள் ஒன்றாகும்.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைச் செய்தோர் குறித்த இயல்புகளினின்று மாறுபடுமாறு உடையவர் அதனை மாற்றலாகாது என விதிக்கின்றது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 120-ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் வண்டியும் வாயு வெளியேறும் ஓசையை இயன்றவரை குறைக்கும் சைலன்சரைக் கொண்டிருத்தல் வேண்டும் என்கின்றது. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல்லும் இரவில் 45 டெசிபெல்லும் எல்லையாக வகுத்தன. மருத்துவமனை, கல்விச்சாலை, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அங்கே எல்லை பகலில் 50, இரவில் 40. தேர்வுக் காலத்தில் நம் அறைச் சன்னலருகே முழங்கிச் செல்லும் வண்டியை நினைப்பார்க்கு இவ்விதியின் நியாயம் விளக்கவேண்டுவதன்று. தகுதிச் சான்று பெறும் நாளில் பழைய சைலன்சரை மீண்டும் மாட்டிக் காட்டி, மறுநாள் கழற்றிவிடுவோரும் உண்டு. அவர் ஏமாற்றுவது அலுவலரை மட்டுமன்று. ஆண்டின் எஞ்சிய நாட்களெல்லாம் அப்புகையின் நடுவே அமர்ந்திருக்கும் தம்மையுமாம்.

மாணவ நண்பர்களே! நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேற்படையில் வெண்களிமண் கிடைக்கின்றது. விருத்தாசலத்தில் அதனைச் சுட்டுப் பொருளாக்கும் கைகளும், அக்கலையைப் பயிற்றும் அரசினர் கல்விக்கூடமும் உள்ளன. கோப்பைக்குப் பக்குவமான மண்ணுக்கும் தேனடைக் கட்டிக்கு வேண்டும் மண்ணுக்கும் இடையே தூய்மையிலும் துகளின் நுண்மையிலும் சூளையின் ஒழுங்கிலும் நெடுந்தொலைவு உண்டு என்பது மெய்யே. எனினும் அது கற்றுக் கடக்கத்தக்க தொலைவு. வேதியியலும் பௌதிகமும் பயில்வோர் இத்துறையில் கருத்தைச் செலுத்துவாராயின் ஊருக்கும் தொழிலுக்கும் பயன் உண்டு. அதுவரை, நம் வீட்டிலோ உறவிலோ டீசல் வண்டி வைத்திருப்போர் சைலன்சரை மாற்ற எண்ணுங்கால், முதலில் அளந்து பார்க்கவும், பீங்கானை இடிக்காதிருக்கவும் நாம் எடுத்துச் சொல்லுதல் சாலும்.